காக்கையின் இரண்டாவது கண்

ஜூன் 3

மச்சானுக்கு,

"நலம், நலமறிய ஆவல்னு எழுது" என்றேன். "யாருக்கு நலம்?" என்று கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள் உன் அக்கா. அதனால் அந்த வரி இல்லாமலே தொடங்குகிறேன். எழுத்துத் தெரியாதவன் பாடு இதுதான். என் வாயிலிருந்து கிளம்புவதெல்லாம் அவள் கையில் சோதனை முடிந்துதான் உன்னிடம் வரும். போனில் பேசலாம் என்றால் என் காதுக்கு எட்டுவதில்லை.

"காக்கை எங்கே, காக்கை எங்கே" என்று போன கடிதம் முழுக்கக் கேட்டிருந்தாய். மேசைமேல்தான் இருக்கிறது. சாவி கொடுத்தால் தன் தகர மதில்மேல் நடக்கிறது, குனிகிறது, கிடக்கிற கரண்டியை அலகால் கவ்வுகிறது. அதைச் செய்யச் சொன்ன குழந்தைகள் மருத்துவமனை மேலாளர் நேரில் வந்து பார்த்தார். "அப்படியே உயிரோட இருக்கு பெரியவரே! இப்படியே குடுங்க, பசங்க உட்கார்ற கூடத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிடறோம்" என்றார். நான் கொடுக்கவில்லை.

அது காக்கை இல்லை மச்சான். காக்கை வேஷம் கட்டின கோழி. நடையில் எங்கோ ஒரு பொய் இருக்கிறது. எந்த இடம் என்று தெரிந்திருந்தால், வண்ணம் பூச எப்போதோ உனக்கு அனுப்பியிருப்பேன்.

தினமும் காலையில் பேக்கரியின் பின்சுவர் எதிரே போய் உட்காருகிறேன். கருகின ரொட்டியை அங்கேதான் கொட்டுகிறார்கள். தனியாக இருக்கும்போது காக்கை நடக்கிறது. பங்குக்கு இன்னொன்று வந்துவிட்டால் தத்துகிறது. அந்த மட்டும் பிடித்துவிட்டேன். பிடிபடாதது தலை. ஏன் அப்படிச் சாய்க்கிறது? பயமா? கணக்கா? திமிரா?

உன் வலது கண் போய்விட்டது என்று உன் பெண் சொன்னாளாம். கேட்ட அன்று சாப்பாடு இறங்கவில்லை. வருத்தம் வருத்தமாக இருக்கட்டும், ஒரு கேள்வியும் இருக்கிறது. அந்தப் பக்கம் இப்போது எப்படித் தெரிகிறது? கருப்பாக இருக்கிறதா? கதவைச் சாத்தின மாதிரியா, விளக்கை அணைத்த மாதிரியா? தெரிந்துகொள்ள வேண்டும். எழுது.

அத்தான்

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வியை எழுத மாட்டேன் என்று சண்டை போட்டேன். "நீ எழுதலன்னா தபால்காரரை உட்காரவச்சு எழுதிக்குவேன்" என்கிறார். ஊர் சிரிக்க வேண்டாமே என்று எழுதினேன். மனதில் வைக்காதே. அக்கா.


ஜூன் 10

அத்தானுக்கு,

கடிதத்தைப் படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒற்றைக் கண்ணால் படித்தாலும் சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

என் கண் என்ன, உங்கள் பட்டறைக்கு வந்த ஓடாத கடிகாரமா? கண் போனவனிடம் மனிதர்கள் "வலிக்குதா" என்று கேட்பார்கள், "கவலைப்படாதே" என்பார்கள். நீங்கள் "எப்படித் தெரியுது" என்கிறீர்கள், சினிமா பார்த்துவிட்டு வந்தவனிடம் கேட்கிற மாதிரி.

உங்களுக்கு இது புதுசா? அக்காவின் கல்யாணத்தன்று, போட்டோக்காரர் காபி குடிக்கப் போன நேரத்தில் அவருடைய கேமராவைத் திறந்தவர் நீங்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்துகொண்டு! "உள்ள வெளிச்சம் எந்த வழியா போகுதுன்னு பார்த்தேன்" என்றீர்கள். படச்சுருள் மொத்தமும் வெளிச்சம் பட்டு வீணாய்ப் போனது. இன்றுவரை அக்காவுக்கு ஒரு கல்யாணப் படம் கிடையாது. அப்புறம் அவளுடைய தையல் மெஷின், பக்கத்து வீட்டு வானொலி, டாக்டர் மார்பில் வைக்கிற குழாய். இந்த உலகத்தில் நீங்கள் திறந்து பார்க்காத ஒரே பொருள் புத்தகம்தான்.

இனி காரியத்துக்கு வருகிறேன். இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. ஜூலை இருபதாம் தேதி அறுவை. டாக்டர் மறைக்கவில்லை. "பார்வை வந்தா வரும், வராமலும் போகலாம். எதுக்கும், பார்க்க வேண்டியதை எல்லாம் முன்னாடியே பார்த்துடுங்க" என்றார். எனக்குப் பாக்கி ஒன்றுதான். நீங்கள் எலும்பு செய்த பொம்மைக்கெல்லாம் நான்தான் தோல் போட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் எவனோ ஒருவன் கடையில் வாங்கின கருப்பு டப்பாவைத் திறந்து அப்புவதா? காக்கை கருப்பு என்கிறவன் காக்கையைப் பார்த்ததே இல்லை. அடியில் நீலம், கழுத்தில் சாம்பல், இறக்கை விளிம்பில் ஊதா, வெயில் விழுந்தால் பச்சை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

ஜூலை முதல் வாரத்துக்குள் காக்கை என் கையில் இருக்க வேண்டும். நடை போதும். அனுப்புங்கள்.

மச்சான்


ஜூன் 20

மச்சானுக்கு,

உன் கடிதத்தை அக்கா வாசித்தாள். நடுவில் ஓர் இடத்தில் அவள் மூச்சு நின்றது, அடுத்த வரிக்குத் தாவினாள். "தாண்டாதே, படி" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமில்லன்னா ஏன் தாண்டற?" என்றேன். படித்தாள். புத்தகத்தைப் பற்றின அந்த வரி.

நீ சொன்னது நிஜம். நான் புத்தகத்தைத் திறந்ததில்லை. திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று. எழுதத் தெரிந்தவன் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக மறந்துபோகலாம். எனக்கு அந்தச் சலுகை இல்லை. நீ என் பட்டறைக்கு முதன்முதலில் வந்த அன்று போட்டிருந்த சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறம். தகர நாய்க்கு நீ பழுப்பு பூசினாய், மூக்கில் மட்டும் ஈரம் தெரிந்தது. எப்படி என்று கேட்டேன். "மூக்கு மேல மட்டும் வார்னிஷ்" என்றாய். அப்போது என் கேள்வி உனக்கு இனித்தது.

கல்யாணப் படம் இல்லை என்று குத்திக் காட்டினாய். உன் அக்காவின் அன்றைய முகம் படமில்லாமலே எனக்குத் தெரியும்.

(எனக்குத்தான் தெரியாது. எழுதிக்கொண்டிருப்பவள்.)

காக்கையை அனுப்பக் கிளம்பினேன். சத்தியமாகக் கிளம்பினேன். பழைய துணி சுற்றி, பெட்டியில் வைத்து, ஆணி அடித்து, பார்சல் ஆபீசில் தராசுமேல் வைத்துவிட்டேன். குமாஸ்தா ரசீது போடக் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஜன்னல் விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. தராசைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. அந்தத் தலைத் திருப்பல் இருக்கிறதே, என் பெட்டிக்குள் இருக்கிறதற்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. "ரசீது வேண்டாம் தம்பி" என்றேன். "பெருசு, வரிசைல பின்னாடி நிக்கறவங்க சிரிக்கிறாங்க" என்றான். சிரிக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது கழுத்தைக் கழற்றி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறு. உன் நிலைமை எப்படி என்று தெரிந்தால் காக்கையின் நிலைமை புரியுமோ என்று நானே ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நடமாடுகிறேன். இதுவரை ஒன்றும் பிடிபடவில்லை.

அத்தான்

பிடிபடவில்லையாம். அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை எடுத்து மேடைக்கு ஒரு விரற்கடை முன்னால் காற்றில் வைத்தார். பால் என் காலில். திருப்புளியை ஒளித்து வைத்தேன். என் காய் நறுக்கும் கத்தி முனையால் காக்கையின் கழுத்தைத் திறந்திருக்கிறார். நான் என்ன செய்ய? நீயே சொல். அக்கா.


ஜூன் 28

பட்டறைக்காரருக்கு,

அத்தான் என்று எழுதக் கை வரவில்லை.

தராசுவரைக்கும் வந்த காக்கையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போன மனிதரிடம் இனி கெஞ்ச மாட்டேன். இன்று காலை ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன. விரலால் தடவிப் பார்த்தேன், நேராகத்தான் இருக்கின்றன. மகள் பார்க்கிறாளே என்று துடைக்கிற மாதிரி நடித்தேன். என் கண் போகிற வேகம் இது. உங்கள் வேகத்தில் நீங்கள் ஜன்னலில் காக்கை பாருங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடுகிறீர்களாமே! துணியை எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்துவிடலாம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பால் அக்காவின் காலில் கொட்டியது. எனக்கு அவிழ்க்கத் துணி இல்லை. அதனால் என் பால் கொட்டுவதில்லை. முதல் வாரம் கொட்டியது. டம்ளரை எடுக்கப் போனால் கையில் காற்றுதான் வந்தது. இப்போது எப்படி எடுக்கிறேன் தெரியுமா? தலையை இந்தப் பக்கம் சாய்த்து ஒரு தடவை பார்க்கிறேன். நிற்கிறேன். அந்தப் பக்கம் சாய்த்து இன்னொரு தடவை. நிற்கிறேன். இரண்டு பார்வையும் ஒத்துப்போனால்தான் கை நீள்கிறது. டம்ளருக்கு, படிக்கட்டுக்கு, செருப்புக்கு, எல்லாவற்றுக்கும். பேரப்பிள்ளைகள் பின்னால் நின்று அதே மாதிரி செய்து காட்டிச் சிரிக்கின்றன.

போதுமா? மனம் குளிர்ந்ததா? கருப்பா வெளுப்பா என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். அது என்னுடையது.

பெட்டி வந்தால் வரட்டும். வராவிட்டால் இந்தக் கடிதத்தோடு முடிந்தது.


ஜூலை 6

மச்சானுக்கு,

நீ திட்டினாய். திட்டுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தாய்.

அக்கா உன் கடிதத்தை வாசித்துக்கொண்டே போகிறாள், டம்ளர் வந்தது. "நில்லு. இன்னொரு தடவை படி" என்றேன். "இதையா? அவன் அழுதிருக்கான், உங்களுக்கு டம்ளரா?" என்று கத்தினாள். "படிடி" என்றேன். படித்தாள். செருப்பைக்கூடப் போடாமல் பேக்கரிச் சுவருக்குப் போனேன்.

மச்சான், அது பயமுமில்லை, திமிருமில்லை. காக்கைக்குக் கண் முகத்தின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது. இந்தக் கண் ஒன்றைப் பார்க்கிறது. நிற்கிறது. அந்தக் கண் பார்க்கிறது. நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போன பிறகு ஓர் அடி. என் காக்கை நடந்துகொண்டே தலையைத் திருப்பியது. அதுதான் பொய். பார்க்கிறபோது நடக்கக் கூடாது, நடக்கிறபோது பார்க்கக் கூடாது. சந்தேகப்படுகிற பிராணிக்கு நான் நிற்க நேரமே கொடுக்கவில்லை.

கழுத்துக்குள் தலையைத் திருப்புகிற முட்டை வடிவச் சக்கரத்தின் விளிம்பில் இரண்டு இடத்தை அரத்தால் தட்டையாக ராவினேன். தட்டை வரும்போது தலை நிற்கிறது, அப்புறம்தான் கால் நகர்கிறது. இவ்வளவுதான் வேலை. இதற்கு இத்தனை நாள். சாவி கொடுத்ததும் உன் அக்கா ஓர் அடி பின்வாங்கி, "ஐயோ, என்னையே பார்க்குது" என்றாள்.

இது உன் கண்ணைக் கொடுத்து வாங்கின நடை. எனக்குத் தெரியும். நன்றி என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அது இந்த இடத்துக்குச் சின்னது. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கண் குழிகளை வெறுமையாக விட்டிருக்கிறேன். அது உன் வேலை.

அத்தான்

பெட்டியை நானே கொண்டுபோய்ப் பார்சலில் போட்டேன். இவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். ரசீது என்னிடம். அக்கா.


ஜூலை 18

அத்தானுக்கு,

பெட்டி வந்தது. துணி உரித்து மேசையில் வைத்துச் சாவி கொடுத்தேன். இந்தப் பக்கம் பார்த்தது. நின்றது. அந்தப் பக்கம் பார்த்தது. நின்றது. ஓர் அடி வைத்தது. பின்னால் நின்றிருந்த மகள், "அப்பா, இது நீங்கதாம்பா" என்றாள். "போடி" என்றேன். அன்று வேறு ஒன்றும் செய்யவில்லை. சாவி கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொன்று. அக்காவிடம் இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள். நான் அதைத் திறந்துவிட்டேன். எத்தனை வருஷமாகப் பூசுகிறேன், ஒரு பொம்மையின் உள்ளேயும் எட்டிப் பார்த்ததில்லை. வெளியே என் வேலை, உள்ளே உங்கள் வேலை என்று இருந்துவிட்டேன். இந்தத் தடவை பொறுக்கவில்லை. அந்த இரண்டு தட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் போலிருந்தது. மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். நகம் அளவு இடம்! அதற்குள் ஒரு சந்தேகத்தை வைத்துவிட்டீர்களே.

திரும்ப மூடினேன். ஒரு திருகாணி மிச்சமாக நிற்கிறது. எந்த ஓட்டையைச் சேர்ந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் நடக்கிறது.

வண்ணம் முடிந்தது. நீலத்தைப் பகல் வெளிச்சத்தில் பூசினேன். ஊதாவுக்கு வந்தபோது டப்பாக்களுக்குள் வித்தியாசம் தெரியவில்லை. மகள் பெயர் வாசிக்க நான் பூசினேன். முதுகில் ஒரு பூச்சு சந்தேகம்தான். பச்சை அங்கே அதிகமோ என்று. யாராவது கேட்டால் மழையில் நனைந்த காக்கை என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு கண் வைத்துவிட்டேன், இடது கண். வலது குழியை அப்படியே விட்டிருக்கிறேன். நாளை மறுநாள் அறுவை. திரும்பி வந்து வைப்பேன். மருத்துவமனை மேலாளர் ஒன்றாம் தேதி கண்ணாடிப் பெட்டியைப் பசங்களுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று மகளிடம் போனில் நச்சரிக்கிறார். காத்திருக்கட்டும். உங்களுக்காக நான் காத்திருக்கவில்லையா?

நீங்கள் ஜூனில் கேட்டதற்கு இப்போதும் பதில் இல்லை.

மச்சான்


ஜூலை 25

மச்சானுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை இல்லை. பேக்கரிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அக்காவின் கால்புண் ஆறிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேறொன்றுமில்லை.

அத்தான்

தம்பி, கட்டுப் பிரித்தாயிற்றா, டாக்டர் என்ன சொன்னார் என்று போன் செய்தால் உன் பெண் "அப்பா யார்கிட்டயும் பேசல அத்தை" என்று வைத்துவிடுகிறாள். இவர் பட்டறைக்குப் போவதில்லை. கையில் ஒரு பொருளும் இல்லை. நேற்று வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டது, நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். "இன்னும் ஏதாவது எழுதணுமா, ஏதாவது கேட்கணுமா?" என்றேன். "நான் கேட்டதெல்லாம் போதும்" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதரைப் பார்த்து நான் பயந்தது இப்போதுதான். அக்கா.


ஆகஸ்ட் 2

அத்தானுக்கு,

இனி நானும் உங்கள் கட்சி. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். அவளும் சோதனை போடுகிறாள்.

கட்டுப் பிரித்தார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. ஜன்னல் தெரிகிறது, கம்பி தெரியவில்லை. ஆள் நகர்ந்தால் தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. "இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க" என்றார் டாக்டர். எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. மகள் படித்தாள். அடியில் அக்கா எழுதினதோடு முடிந்துவிட்டது என்றாள். "பின்பக்கம் பாரு" என்றேன். "பின்னாடி ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "உறைக்குள்ள பாரு." உறைக்குள்ளும் இல்லை. மழை இல்லையாம். சுவருக்கு வெள்ளையடித்தார்களாம். இதைச் சொல்லவா ஒரு தபால்தலை? ஊரில் இருக்கிற அத்தனை பேரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்னை இன்னும் ஏதோ தெரிந்தவனாக நினைத்துக் கேள்வி கேட்ட ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் வாயை மூடிக்கொண்டால் நான் செத்தவன் கணக்குத்தானே?

எழுந்து உட்கார்ந்தேன். கேட்டுக்கொள்ளுங்கள், ஜூன் மாதக் கேள்விக்குப் பதில். கருப்பு இல்லை. கதவு சாத்தின மாதிரியும் இல்லை, விளக்கு அணைந்த மாதிரியும் இல்லை. இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது? கருப்பா? ஒன்றுமே இல்லை, இல்லையா? வலது பக்கம் அப்படித்தான். அந்தப் பக்கமும் எனக்கு முதுகாகிவிட்டது, அவ்வளவுதான். இடது பக்கம் வேறு விதம். பால் கலந்த தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி. அதற்குள் காலையில் ஒரு நிறம் வருகிறது. நான் இதுவரை கலந்ததே இல்லை. எந்த டப்பாவை எதனோடு சேர்த்தால் வரும் என்று படுத்துக்கொண்டே மனதில் கலந்து பார்க்கிறேன். இன்னும் வரவில்லை.

வலது கண்ணை வைத்துவிட்டேன். மகள் என் கையைப் பிடித்து வைக்க வந்தாள். தள்ளு என்றேன். அலகைத் தொட்டு அங்கிருந்து விரலைப் பின்னால் ஓட்டினேன். குழி தானாக வந்தது. விரல் நுனியில் வண்ணம் தொட்டு வைத்தேன். "கொஞ்சம் கீழ இறங்கிடுச்சுப்பா" என்றாள். "பார்க்க எப்படி இருக்கு?" என்றேன். சாவி கொடுக்கிற சத்தம் கேட்டது. "ஏதோ கேட்க வர்ற மாதிரி இருக்கு" என்றாள். துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று காலை அப்படியே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

அந்தத் திருகாணி இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. உருட்டி உருட்டிப் பார்க்கிறேன். தலை தட்டை, பாதி உடம்பில்தான் மரை, நுனியில் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. இது இல்லாமல் காக்கை எப்படி நடக்கிறது? அப்படியானால் இதற்கு என்ன வேலை கொடுத்திருந்தீர்கள்?

அக்கா சொன்ன கடிகாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இதற்குப் பதில் எழுதச் சொல்லுங்கள் அவளிடம்.

மச்சான்